டிஎன்எஸ் மாற்ற வரலாற்றுக் காப்பகம்: குறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. 1987இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய டிஎன்எஸ் விதி ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டிலும் "இந்தப் பெயர் இப்போது எதைக் காட்டுகிறது" என்று கேட்க வழியுண்டு. "போன ஆவணியில் எதைக் காட்டியது" என்று கேட்க வழியில்லை. புதியதை எழுதியவுடன் பழையது போய்விடுகிறது. 2007இல் சோதனைக்காக வேர் மண்டலத்தில் (.கொம் போன்ற மேல்நிலைப் பெயர்களின் உச்சிப் பட்டியலில்) சேர்த்த பதினொரு மேல்நிலைப் பெயர்களில் 'பரிட்சை' என்ற தமிழ்ப் பெயரும் ஒன்று. உதாரணம்.பரிட்சை என்று உலாவியில் தட்டினால் அப்போது பக்கம் வந்தது. இன்று வேர் சேர்வர்களிடம் கேட்டால் அப்படியொரு பெயரே இல்லை என்பார்கள். எழுதி வைத்தவர்களிடம் மட்டுமே அது மிஞ்சியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இப்படி எழுதி வைக்கும் வேலைக்கு அவசரம் உண்டு. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், சிற்றிதழ் என்று எத்தனையோ தளங்களின் டொமைன், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு உறவினரின் வங்கி அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரைச் சூதாட்டத் தளம் வாங்கிவிடும். அது எந்த நாளில் கைமாறியது என்று சொல்ல ஒரு காப்பகம் இருந்தால்தான், இணையக் காப்பகங்களில் கிடக்கும் பழைய பக்கங்களில் எது சங்கத்தினுடையது, எது வந்தவனுடையது என்று பிரிக்கலாம்.

கீழே உள்ளவை இந்த அமைப்பை மனதில் வைத்து எழுதியவை: ராஸ்பெரி பை அல்லது பழைய மேசைக் கணினி ஒன்று, வீட்டு பைபர் இணைப்பு, சுமார் 500 பெயர்கள், ஏழு வகைப் பதிவு (முகவரி சொல்லும் ஏ, உரிய சேர்வரைச் சொல்லும் என்எஸ் போன்றவை), பெயருக்கு இரண்டு சேர்வர், மணிக்கு ஒரு சுற்று. நாளுக்கு 1,68,000 கேள்விகள், அதாவது நொடிக்கு இரண்டு. எஸ்கியூலைட் தரவுத்தள அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் பெயர், வகை, கேட்ட சேர்வரின் முகவரி, பதில் குறியீடு, அதிகாரக் கொடி (பதில் சொன்னது அந்தப் பெயருக்கு உரிய சேர்வரே என்ற அடையாளம்), உள்ளடக்கம், டிடிஎல் (பதிலைத் தேக்கி வைக்கக்கூடிய நொடிகள்), முதலில் கண்ட நேரம், கடைசியாகக் கண்ட நேரம் ஆகியவை இருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். ஒரு வரி சொல்வது "இந்தப் பெயர் இப்படி இருந்தது" என்பதை அல்ல. "இன்ன நேரத்தில் இன்ன சேர்வரிடம் கேட்டோம், இன்னது வந்தது" என்பதை. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

குறி 1: இரவு இரண்டு மணிக்கு எல்லாப் பெயரும் 'நீக்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது

இதுதான் காப்பகத்தை அதிகம் கெடுக்கும் பிழை. அந்த நேரத்து வரிகளில் பதில் குறியீட்டைப் பாருங்கள். குறியீடு 0, பதில் பகுதி வெறுமை, அதிகாரப் பகுதியில் எஸ்ஓஏ (ஒரு பெயரும் அதன் துணைப் பெயர்களும் சேர்ந்த மண்டலத்தின் தலைப்புப் பதிவு) இருந்தால் பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகை மட்டும் இல்லை. குறியீடு 3 என்றால் பெயரே இல்லை. இவை இரண்டும் பதில்கள். குறியீடு 2 என்றால் சேர்வர் தடுமாறியிருக்கிறது. 5 என்றால் பதில் சொல்ல மறுத்திருக்கிறது. காத்திருந்தும் ஒன்றும் வராமல் போவது இன்னொன்று. இந்த மூன்றும் பதிலே அல்ல. கடைக்காரர் "சீனி இல்லை" என்று சொன்னதும், கடை பூட்டிக் கிடந்ததும் ஒன்றாகுமா?

பிழை வரும் இடம் அநேகமாக, டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கருவியின் ஷோர்ட் தெரிவுதான். பெயர் இல்லாவிட்டாலும், வகை இல்லாவிட்டாலும், சேர்வர் தடுமாறினாலும், மறுத்தாலும் அது ஒரே மாதிரி வெறுமையைத்தான் தரும். இணைப்பு அறுந்தால் இன்னும் மோசம்: இரண்டு அரைப்புள்ளியில் தொடங்கும் 'நேரம் கடந்தது' என்ற எச்சரிக்கையைச் சாதாரண வெளியீட்டிலேயே எழுதிவிடும். ஸ்கிரிப்ட் அதைப் புதிய ஐபி முகவரி என்று நம்பிச் சேமித்துவிடும். உங்கள் உள்ளடக்கப் பத்தியில் அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்று இப்போதே தேடிப் பாருங்கள். வெளியேறும் எண்ணை நம்பியும் பயனில்லை. சேர்வர் பதிலே தராதபோது டிக் 9 என்று முடியும், ஆனால் குறியீடு 2, 3, 5 எது வந்தாலும் 0 என்றே முடியும். ஷோர்ட் தெரிவைக் கைவிட்டு முழு வெளியீட்டையும் எடுத்து, தலைப்பு வரியிலிருந்து குறியீட்டையும் கொடிகளையும் பிரித்தெடுங்கள்.

நீக்கம் என்று எழுத நான்கு நிபந்தனைகள் வையுங்கள்: குறியீடு 3 அல்லது வெறும் 0, அதிகாரக் கொடி ஏறியிருக்க வேண்டும், இரண்டு சேர்வர்களும் அதையே சொல்ல வேண்டும், 15 நிமிடம் கழித்துக் கேட்டாலும் அதுவே வர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் 'விடை கிட்டவில்லை' என்று தனி வரி எழுதி, 'கடைசியாகக் கண்ட நேரம்' பத்தியைத் தொடாமல் விடுங்கள்.

ஒவ்வொரு சுற்றையும் தொடங்குமுன் 198.41.0.4, 193.0.14.129 என்ற இரு வேர் சேர்வர்களிடமும் வேர் மண்டலத்தின் எஸ்ஓஏவைக் கேளுங்கள். இரண்டும் பேசாவிட்டால் கோளாறு உங்கள் பக்கம். 'சுற்று தவறியது' என்று ஒரே வரி எழுதிவிட்டு அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் இந்த ஒரு சோதனை ஆயிரக்கணக்கான பொய் வரிகளைத் தடுக்கும்.

ஏற்கெனவே விழுந்த பொய் வரிகளை அழிக்க வேண்டாம். ஒரே சுற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெயர்கள் மறைந்த நேரங்களைத் தேடி எடுங்கள். அவற்றின் சேர்வர் முகவரிகள் பலதரப்பட்டவையாக இருந்தால் உங்கள் இணைப்பு விழுந்திருக்கிறது. எல்லாம் ஒரே முகவரியில் சேர்ந்தால் அந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சேர்வர் உண்மையாகவே படுத்திருக்கலாம், அதுவும் வரலாறுதான். 'ஐயம்' என்று ஒரு பத்தி சேர்த்து அதில் காரணத்தைக் குறியுங்கள்.

குறி 2: யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் மணிக்கொரு மாற்றம் பதிவாகிறது

அடுத்தடுத்த இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

10:00 — 300 — 192.0.2.10, 192.0.2.11
11:00 — 287 — 192.0.2.11, 192.0.2.10

இரண்டு வேறுபாடுகள், இரண்டுமே மாற்றமல்ல. முகவரிகளின் வரிசையைச் சேர்வர் வேண்டுமென்றே சுழற்றுகிறது, வரிசைக்குப் பொருளில்லை. சேமிக்குமுன் உள்ளடக்கத்தை அகர வரிசையில் அடுக்கிவிடுங்கள். 300 என்ற டிடிஎல் 287 ஆனது வேறு சங்கதி: நீங்கள் பேசுவது உரிய சேர்வரிடம் அல்ல, பதிலைத் தேக்கி வைத்து எண்ணிக் குறைக்கும் ஒரு இடைச் சேர்வரிடம். உரிய சேர்வரிடம் எத்தனை தரம் கேட்டாலும் 300 என்றே வரும். டிடிஎல் 13, 41, 287 என்று வட்டமில்லாத எண்ணாகத் துள்ளினால் நேரே அடுத்த குறிக்குப் போங்கள்.

டிஎன்எஸ்செக் (பதில் போலியல்ல என்று காட்டும் கையொப்ப முறை) கையொப்பமிட்ட மண்டலங்களில் ஆர்ஆர்சிக் என்ற கையொப்ப வரிகள் சில நாட்களுக்கு ஒருமுறை தாமாகவே புதுப்பிக்கப்படும். அவற்றையும் எஸ்ஓஏ தொடர் எண்ணையும் தனி அட்டவணையில் போடுங்கள். சாவியைக் குறிக்கும் டிஎஸ், டிஎன்எஸ்கீ இரண்டையும் மட்டும் முதன்மை அட்டவணையில் விடுங்கள், ஏனெனில் அவை மாறினால் யாரோ சாவியை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பெயர்களின் ஆங்கில எழுத்துகளை எல்லாம் சிற்றெழுத்தாக்குங்கள். டெக்ஸ்ட் பதிவுகளில் ஒரு துண்டு 255 பைட்டைத் தாண்டாது என்பதால் மின்னஞ்சலுக்கான 2048 பிட் டிகிம் சாவி இரண்டு துண்டாக வரும். நிர்வாகி மண்டலக் கோப்பைத் திருப்பி எழுதும்போது வெட்டும் இடம் மாறலாம். ஒப்பிடும்போது துண்டுகளை இடைவெளியின்றி ஒட்டுங்கள். வந்த வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிடிஎன்களுக்குப் (பக்கங்களைப் பல ஊர்ச் சேர்வர்களிலிருந்து பரிமாறும் நிறுவனங்களுக்கு) பின்னால் உள்ள தளங்களின் ஏ பதிவுகளைத் துரத்த வேண்டாம். கேட்பவரைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் முகவரி மாறுவதுதான் அவற்றின் வேலை. அங்கே சிநேமும் (வேறொரு பெயரைச் சுட்டும் பதிவு) என்எஸ்ஸும்தான் வரலாறு. ஏ முகவரிகளைத் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் முதல், கடைசி நேரத்தோடு வைத்தால் போதும்.

குறி 3: உரிய சேர்வரிடம் கேட்டும் பதிலில் அதிகாரக் கொடி இல்லை

53ஆம் போர்ட்டில் போகும் கேள்விகளை ரவுட்டரோ இணைப்பு வழங்குநரோ வழிமறித்துத் தங்கள் சேர்வரிலிருந்து பதில் சொல்வதுண்டு. கேட்ட முகவரியிலிருந்து வந்ததுபோலவே பதில் தோன்றும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். எளிய சோதனை: 192.0.2.1 என்ற முகவரியிடம் ஏதாவது ஒரு பெயரைக் கேளுங்கள். அது எடுத்துக்காட்டு எழுத ஒதுக்கிய முகவரி, அங்கே எந்தச் சேர்வரும் இல்லை. பதில் வந்தால் நடுவில் ஒருவர் நிற்கிறார்.

முதலில் ரவுட்டரில் உள்ள பெற்றோர் கட்டுப்பாடு, 'பாதுகாப்பான டிஎன்எஸ்' போன்ற வசதிகளை நிறுத்திப் பாருங்கள். அதில் தீராவிட்டால் டிசிபியில் கேட்டுப் பாருங்கள்; யூடிபியை மட்டும் மறிப்பவர்கள் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் வேறு இடத்தில் வாடகைக்கு எடுத்த சிறு சேர்வர் ஒன்றிலிருந்து கேட்பதைத் தவிர வழியில்லை. மறித்த காலத்துப் பதிவுகளில் சேர்வர் முகவரிப் பத்தி பொய் சொல்கிறது. கொடி இல்லாத வரிகளை 'தேக்கத்திலிருந்து' என்று குறித்து வையுங்கள். அவை சொல்லும் நேரம் டிடிஎல் அளவுக்குப் பின்தங்கியிருக்கலாம்.

குறி 4: தளம் கைமாறிவிட்டது, காப்பகம் பழையதையே காட்டுகிறது

உங்கள் ஸ்கிரிப்ட் நேம் சேர்வர்களின் (பெயருக்கு உரிய சேர்வர்களின்) பட்டியலை ஒருமுறை எடுத்துச் சேமித்து, அவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறது. டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கிய பின்னும் பழைய ஹோஸ்டிங் சேர்வரில் மண்டலக் கோப்பு அழியாமல் கிடக்கும். கேட்டால் அதிகாரக் கொடியோடு பழைய பதிலைச் சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது. அதிகாரத்தைப் பறித்தது தாய் மண்டலம் (.எல்கே போன்ற மேல் மண்டலம்), அந்தச் செய்தி பிள்ளைக்குப் போகாது.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மேலிருந்து இறங்குங்கள்: .எல்கே அல்லது .கொம் சேர்வரிடம் முதலில் என்எஸ் கேட்டு, அது காட்டும் சேர்வரிடம் அடுத்ததைக் கேளுங்கள். டிக்கின் ட்ரேஸ் தெரிவு செய்வதும் இதைத்தான். தாய் சொல்லும் என்எஸ், பிள்ளை சொல்லும் என்எஸ் இரண்டையும் வெவ்வேறு வரிகளாக வையுங்கள். தாயின் பதிலில் அந்த வரிகள் அதிகாரப் பகுதியில், கொடியின்றி வரும், அது இயல்பு. பழைய பிள்ளை சொல்வதிலிருந்து தாய் சொல்வது பிரியும் நாள்தான் அநேகமாகக் கைமாறிய நாள். 'யாருடைய தளம்' என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான சாட்சி டிஎன்எஸ்ஸில் கிடைக்காது.

குறி 5: துணைப் பெயர்கள் விடுபடுகின்றன

ஒரு மண்டலத்தில் என்னென்ன பெயர் இருக்கிறது என்று வெளியாருக்கு டிஎன்எஸ் சொல்லாது. முழு மண்டலத்தையும் மாற்றித் தரும் ஏஎக்ஸ்எஃப்ஆர் கேள்வியை ஒழுங்கான சேர்வர் மறுத்துவிடும். 'எல்லா வகையும் தா' என்னும் எனி கேள்விக்கு, 2019இல் வந்த ஆர்எஃப்சி 8482க்குப் பின் பல சேர்வர்கள் ஒப்புக்கு ஒரு வரி தந்து நிறுத்திக்கொள்கின்றன. எனி கேள்வியை நம்பிக் கட்டிய காப்பகம் ஓட்டைப் பானை. வகை வகையாகத் தனித்தனியே கேளுங்கள். பெயர்களைச் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளிலிருந்து (வழங்கிய சான்றிதழ்களின் பொதுப் பட்டியல்களிலிருந்து) எடுக்கலாம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கிய பெயர் அநேகமாக அங்கே இருக்கும். மண்டலத்தின் உரிமையாளர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், உங்கள் முகவரிக்கு மட்டும் ஏஎக்ஸ்எஃப்ஆர் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதே எல்லாவற்றிலும் சிறந்தது.

குறி 6: சில வரிகளில் 1970, சிலவற்றில் நேரம் பின்னோக்கிப் போகிறது

ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் பற்றரியில் ஓடும் கடிகாரம் இல்லை. பை 5இல் கடிகாரம் உண்டு, பற்றரியைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும். கரண்ட் போய் வந்ததும் கணினி, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தோ 1970இலிருந்தோ எண்ணத் தொடங்கும். இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்று விட முடியாது. அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது: நேர சேர்வரின் பெயரைக் கண்டறிய டிஎன்எஸ் வேண்டும், கணினியில் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு ஓடினால் கையொப்பங்களின் தொடக்க, முடிவுத் தேதிகளைப் பார்க்கச் சரியான நேரம் வேண்டும். நேரம் பிழை என்றால் கையொப்பம் பிழை. கையொப்பம் பிழை என்றால் பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்காவிட்டால் நேரம் திருந்தாது. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஓடிய பதிவுகள் இருந்தால் முதலில் அந்த மாதங்களைச் சோதியுங்கள்.

முடிச்சை அவிழ்க்க டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றை சிஆர்2032 பற்றரியோடு மாட்டி, கடைசியாகச் சேமித்த நேரத்தைத் திருப்பிப் போடும் போலிக் கடிகாரச் சேவையை நீக்குங்கள். நேர சேர்வர்களில் ஒன்றையாவது பெயரால் அன்றி ஐபி முகவரியால் கொடுங்கள். ஸ்கிரிப்டிலும் ஒரு காவல் வையுங்கள்: தரவுத்தளத்தின் கடைசி வரியின் நேரத்தைவிட இப்போதைய நேரம் முந்தியதாக இருந்தால் எதையும் எழுதாமல் நின்றுவிட வேண்டும்.

எல்லா நேரத்தையும் யூடிசியில் எழுதுங்கள். சில வரிகள் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் ஸ்கிரிப்ட் உள்ளூர் நேரத்தில் எழுதியிருக்கிறது.

குறி 7: ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு தடவை இருக்கிறது

.இலங்கை மேல்நிலைப் பெயர் 2010இல் வந்த பின் தமிழ்ப் பெயர்களும் காப்பகத்தில் சேர்கின்றன. 'கோப்பாய்' என்று இரண்டு வரி, கண்ணுக்கு ஒரே எழுத்து, தரவுத்தளத்துக்கு வேறு வேறு. ஒன்றில் 'கோ' என்பது க, ோ என இரண்டு குறிகள். மற்றதில் க, ே, ா என மூன்று. சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையைத் தருகின்றன. ொ, ோ, ௌ மூன்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெயரை உள்ளே எடுக்கும்போதே பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி, பின் பனிகோட் (டிஎன்எஸ்ஸில் பெயர் போகும் ஆங்கில எழுத்து வடிவம்) ஆக்கி, அந்தப் பனிகோட் வடிவைத் திறவுகோலாக வையுங்கள். தமிழ் வடிவம் காட்சிக்கு மட்டும். ஒன்றை மட்டும் என்எஃப்சி திருத்தாது: ௌ குறிக்குப் பதில் ெ போட்டுப் பின்னால் ள எழுதியிருந்தால் அது உண்மையிலேயே வேறு பெயர். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

டெக்ஸ்ட் பதிவில் \224\174\175 என்று எண் கூட்டமாக வந்தால் பதறாதீர்கள். அது 'ய'. டிக் ஆஸ்கிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு பைட்டையும் பின்சாய்கோட்டோடு பதின்ம எண்ணாக எழுதும். 224இல் தொடங்கி அடுத்தது 174 அல்லது 175 என்றால் அநேகமாகத் தமிழ்தான். சேமிப்பது எண் வடிவாக இருக்கட்டும், காட்டும்போது மாற்றுங்கள்.

குறி 8: எஸ்ஓஏ தொடர் எண் பின்னால் போயிருக்கிறது

காப்பகத்தின் பிழை அல்ல. தொடர் எண் 32 பிட், உச்சம் 4294967295. ஆண்டு, மாதம், நாள், இரண்டு இலக்கம் என்று கையால் எழுதுபவர் 2024031501 என்பதற்குப் பதில் 2042031501 என்று இலக்கம் மாற்றி அடித்தால், சரிப்படுத்த அவர் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். 2147483647ஐக் கூட்டி 4189515148 ஆக்கி, துணைச் சேர்வர்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்ட பின் 2024031502 என்று எழுதுவார். உங்கள் காப்பகத்தில் இந்த மூன்று எண்களும் வரிசையாகத் தெரிந்தால் நடந்தது அதுதான். எதையும் தொடர் எண்ணால் வரிசைப்படுத்தாதீர்கள். நீங்கள் கண்ட நேரத்தால் மட்டும் வரிசைப்படுத்துங்கள்.

குறி 9: தரவுத்தளக் கோப்பு சிதைந்துவிட்டது என்கிறது

ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பைச் சும்மா கொப்பி பண்ணியிருப்பீர்கள். மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் வால் (WAL) முறையில் புதிய வரிகள் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில் இருக்கும், அதை விட்டு எடுத்த கொப்பி அரைகுறை. பேக்கப் கட்டளையையோ வேக்யூம் இன்டூவையோ பயன்படுத்தி, எடுத்த கொப்பியில் இன்டெக்ரிட்டி செக் ஓட்டி, 'ஓகே' வந்த பின்பே பழைய கொப்பியை அகற்றுங்கள். எஸ்டி கார்ட்டில் தரவுத்தளத்தை வைக்காதீர்கள், யூஎஸ்பி எஸ்எஸ்டி ஒன்றும் சின்ன யூபிஎஸ் ஒன்றும் அவசியம். மாற்றத்தை மட்டும் எழுதினால் இடம் ஒரு பிரச்சினையே அல்ல. ஒவ்வொரு பதிலையும் 150 பைட் வீதம் எழுதினால் நாளுக்கு 25 மெகாபைட், வருடத்துக்கு 9 கிகாபைட்டுக்கு மேல்.

குறி 10: பழைய மண்டலக் கோப்புகளைச் சேர்த்தபோது தேதிகள் ஒரு மணி, அரை மணி பிசகுகின்றன

யாராவது பழைய பேக்கப் கோப்புகளைக் கொண்டுவந்தால் அது பெரும் கொடை, ஆனால் நேரத்தை விசாரிக்காமல் சேர்க்க வேண்டாம். இலங்கை நேரம் 1996 மே 25இல் யூடிசியிலிருந்து ஆறரை மணி முன்னே போனது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் ஆறு மணியானது. 2006 ஏப்ரல் 15இல் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரை மணி நேரமே ஓடியது. லினக்ஸ் வட்டில் உள்ள கோப்பின் நேரம் யூடிசியில் இருப்பதால் தப்பும். ஃபேட் முறையில் வடிவமைத்த ஃப்ளொப்பி, பென் ட்ரைவ் எல்லாம் உள்ளூர் நேரத்தையே எழுதும், எந்த வலயம் என்றும் சொல்லாது. ஊர் தெரிந்தால் வலயத்தைத் தீர்மானிக்கலாம். தெரியாவிட்டால் ஒற்றை நேரம் எழுதாமல் 'இதற்கு முன் அல்ல', 'இதற்குப் பின் அல்ல' என்று இரண்டு நேரம் எழுதி, மூலம் என்ற பத்தியில் அது எந்த வட்டிலிருந்து வந்தது, யார் கையளித்தார் என்பதையும் பதியுங்கள்.